பாட்டின் விலாசம்

சங்கீத வித்வான் ஒருவர் மேடையில் ஏறி அமர்ந்து, எடுத்த எடுப்பில் மங்களத்தைப் பாடுகிறார், பிறகு தில்லானா, அதன் பிறகு பெரிய ராக ஆலாபனம், கடைசியில் வர்ணம். நாம் என்ன செய்வோம்? முதல் உருப்படி முடிந்ததும் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். மங்களம் பாடியாகிவிட்டதல்லவா? இத்தனைக்கும் அவர் பாடியவை எல்லாம் நல்ல பாட்டுக்களே. சாரீரத்தில் குறையில்லை, சுருதியில் குறையில்லை, தாளத்திலும் குறையில்லை. குறை வரிசையில்தான் இருக்கிறது.

கச்சேரிக்கு வரிசை அவ்வளவு முக்கியம். முதலில் வர்ணம், பிறகு சிறு கீர்த்தனங்கள், நடுவில் விஸ்தாரமான ராகமும் தனி ஆவர்த்தனமும், முடிவில் ஜாவளி, தில்லானா முதலியவை என்று இன்று நாம் கேட்கும் முறையை நிலைநிறுத்திய பெருமையை அரியக்குடி ராமாநுஜ ஐயங்காருக்கு (1890-1967) சங்கீத உலகம் அளித்திருக்கிறது. பாட்டுக்கள் அவருக்கு முன்னரே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தக்க இடம் கொடுத்ததே அவர் செய்த உபகாரம்.

வரிசை என்பது சௌகரியம் மாத்திரம் அன்று, மரியாதையும் ஆகும். 1943-ஆம் ஆண்டில் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்தில் நம்மவர்களுக்கு இருந்த மனக்குறை என்ன? கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டு அருகி வருகிறது என்பது ஒன்று. அப்படிப் பாடினாலும், ஜனங்கள் மேல்வேஷ்டியை உதறிக்கொண்டு எழுந்திருக்கும் சமயத்தில் துக்கடாவாக அல்லவா பாடுகிறார்கள் என்பது மற்றொன்று. ஆகவே ஒரு பாட்டை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதற்காக ஒரு தேசத்தார் வாதாடியிருக்கிறார்கள். அது அற்ப விஷயம் அன்று.

இப்பொழுது இந்த வரிசை போடும் வேலை வித்வான்களோடு நின்றுவிடவில்லை. கம்ப்யூட்டர் உள்ள வீடுகளில் எல்லாம் யாராவது ஒருவர் ஒரு சிறு அரியக்குடியாக உட்கார்ந்து, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று யோசிக்கிறார். பிள்ளைகள் இதற்குப் ‘பிளேலிஸ்ட்’ என்று பெயர் சொல்லுகிறார்கள். நாம் பாட்டு வரிசை என்போம்.

பழைய நாட்களில்

கிராமபோன் காலத்தில் வரிசை நம் கால்களில் இருந்தது. பத்து அங்குலப் பிளேட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். எழுந்து போய்ப் பிளேட்டைத் திருப்ப வேண்டும். நாகஸ்வர ஆலாபனம் ஒன்று பாதியில் நின்று, மறு பக்கத்தில் மறுபடியும் தொடங்கும். ரேடியோ வந்தபோது நாம் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கலாயிற்று. ஆனால் வரிசை நிலையத்தாரின் கைக்குப் போயிற்று. சென்னை நிலையம் 1938-இல் ஒலிபரப்பத் தொடங்கியது முதல், எந்த வேளைக்கு எந்தப் பாட்டு என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். 1963-இல் காஸெட் வந்தது. அதில் நமக்கு வேண்டிய பாட்டுக்களை நாமே வரிசையாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் நடுவில் உள்ள பாட்டை முன்னே கொண்டுவர வேண்டுமானால் முழுவதையும் மறுபடி பதிவு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கும் மென்பொருள்கள் வந்த பிறகே இந்தக் கஷ்டம் தீர்ந்தது. 1997-இல் அமெரிக்காவில் இரண்டு வாலிபர்கள் வெளியிட்ட ‘வினாம்ப்’ உலகம் முழுவதும் பரவிற்று. பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய முயற்சியிலிருந்து ‘விஎல்சி’ பிறந்தது. 2001-இல் அதன் மூல நிரலை எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். இவற்றில் பாட்டுக்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். எலியால் ஒரு பெயரைப் பிடித்து மேலே இழுத்தால் அந்தப் பாட்டு முன்னே வந்துவிடும். கீழே இழுத்தால் பின்னே போய்விடும். இவ்வளவு சுலபமாகிவிட்டபடியால், நாம் செய்வது இன்னதென்று யோசியாமலே செய்கிறோம். யோசியாமல் செய்ததன் பலனை எங்கள் குடும்பத்தில் அனுபவித்தோம். அதைச் சொல்லவே இவ்வளவு பீடிகை.

அத்தையின் வரிசை

என் அத்தை பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அறுபத்தைந்து வயதுக்கு மேல் பேரனிடம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாள். பழைய பிளேட்டுக்களிலிருந்தும் காஸெட்டுக்களிலிருந்தும் கம்ப்யூட்டருக்கு மாற்றிய பாட்டுக்கள் சுமார் முந்நூறு அவளிடம் இருந்தன. அவற்றின் பெயர்கள் இங்கிலீஷ் எழுத்தில் வந்திருந்தன. அத்தைக்கு அது பொறுக்கவில்லை. “த எது, ட எது என்றே தெரியவில்லையே! இப்படி எழுதினால் என் வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்” என்று சொல்லி, முந்நூறு பெயரையும் ஒவ்வொன்றாகத் தமிழில் அடித்து மாற்றினாள்.

பிறகு அவற்றிலிருந்து பொறுக்கிக் காலைநேரத்துக்கென்று 41 உருப்படிகள் கொண்ட ஒரு வரிசை அமைத்தாள். இதற்கு அவளுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. இன்று ஒரு பாட்டை முன்னே தள்ளுவாள். நாளை பின்னே இழுப்பாள். “இது முடிந்தவுடனே அது வந்தால் முகத்தில் அடித்தாற்போல் இருக்கிறது” என்பாள். முடிவில் வரிசை படிந்துவிட்டது. நாகஸ்வரத்தில் தொடங்கும்; கே. பி. சுந்தராம்பாள் வருவார், டி. கே. பட்டம்மாள் வருவார், ஒன்பது மணிக்கு முடியும். அந்த வீட்டில் கடிகாரம் பார்க்க வேண்டியதே இல்லை.

சென்ற ஆண்டு அத்தை காலமானாள். அவளுடைய கம்ப்யூட்டரும் வெகு காலம் அவளுக்குப் பின் நிற்கவில்லை. அது அடியோடு ஓய்ந்துபோகும் முன், பேரன் பாட்டுக்கள் இருந்த ஃபோல்டரையும் வரிசைக் கோப்பையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைத்தான். எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். வருஷ முடிவு நெருங்கிய சமயம், அந்த நாளில் காலையில் அவளுடைய வரிசையை வைக்க வேண்டும் என்று மாமா ஆசைப்பட்டார். புதுக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தோம். நாற்பத்தொரு வரிகள் வந்தன. ஒன்றும் பாடவில்லை.

பெட்டியும் சாவியும்

இந்த இடத்தில், பாட்டு வரிசை என்பது யாது என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். அதில் பாட்டே கிடையாது! அது சாதாரண எழுத்தாலான ஒரு கோப்பு. ‘எம்3யூ’ என்னும் வகையைச் சேர்ந்த அக்கோப்பை நோட்பேடில் திறந்து பார்க்கலாம். ஒரு வரிக்கு ஒரு விலாசம் இருக்கும்: இன்ன டிஸ்க்கில், இன்ன ஃபோல்டரில், இன்ன பெயருள்ள பாட்டு என்று. அநேகமாக ஒவ்வொரு விலாசத்துக்கு மேலும் ஒரு குறிப்பு வரி இருக்கும். அதில் பாட்டு எத்தனை விநாடி என்பதும் அதன் தலைப்பும் காணும். அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் ஜாபிதாவைப் போன்றது இது. ஜாபிதாவைப் பெட்டியில் பூட்டி வைத்தால் உறவினரைப் பூட்டி வைத்ததாகுமா? அவர்கள் வீடு மாறிவிட்டால் பத்திரிகை திரும்பி வந்துவிடும்.

எங்கள் விஷயத்தில் நேர்ந்தது முதலில் இதுவே. பழைய கம்ப்யூட்டரில் பாட்டுக்கள் ‘டி’ என்னும் எழுத்துள்ள டிஸ்க்கில் இருந்தன. புதியதில் ‘இ’ என்று ஆகியிருந்தது. பேரன் சிரித்துக்கொண்டே, “இது ஒரு நிமிஷ வேலை” என்று கோப்பை நோட்பேடில் திறந்தான். சிரிப்பு நின்றுவிட்டது. பாட்டுக்களின் பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். வரிக்கு வரி, பத்து, இருபது, முப்பது கேள்விக்குறிகள்!

காரணம் பின்னர் விளங்கிற்று. பழைய எம்3யூ முறையில் சேமிக்கும்போது, அந்தக் கம்ப்யூட்டர் எந்த எழுத்துக்களுக்கென்று அமைக்கப்பட்டிருந்ததோ அந்த எழுத்துக்களே நிற்கும். இங்கிலீஷ் அமைப்பில் தமிழுக்கு இடம் இல்லை. இடம் இல்லாத ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக மென்பொருள் ஒரு கேள்விக்குறியை வைத்துவிடும். அத்தையின் கம்ப்யூட்டரில் அது தெரியவில்லை. ஏனெனில் மென்பொருள் தன் உள்ளே வைத்திருந்த பிரதியைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது. வெளியே எடுத்து வைத்த பிரதிதான் ஊமையாகிவிட்டது. அதைத் திறந்து சரிபார்க்காமல் வைத்தது எங்கள் பிழையே.

“பாட்டெல்லாம் இருக்கிறதே, போகட்டும். புதிதாக ஒரு வரிசை போட்டுக்கொள்ளலாம்” என்று ஒருவர் சொன்னார். மாமா ஒன்றும் பேசவில்லை. பாட்டுக்கள் எங்கள் வீட்டில் மட்டுமா இருக்கின்றன? தேடினால் அவற்றில் பல ஆயிரம் வீடுகளில் கிடைக்கும். அத்தை செய்தது பாட்டு அன்று; வரிசை. அது உலகத்தில் அந்த ஒரு கோப்பில்தான் இருந்தது.

கேள்விக்குறிகளைப் படித்தது

பேரன் இரவு முழுவதும் யோசித்துவிட்டுக் காலையில் ஒரு விஷயம் சொன்னான். எழுத்துக்கள் போனாலும் எண்கள் போகவில்லை! குறிப்பு வரியில் விநாடிக் கணக்கு அப்படியே இருந்தது: 187, 194, 203 என்று. ஆகவே முந்நூறு பாட்டுக்களில் 187 விநாடி உள்ளது எதுவென்று பார்த்தால் போதாதா?

போதவில்லை. மேலே சொன்ன பழைய பிளேட்டு இங்கே குறுக்கிட்டது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் என்ற கட்டுப்பாட்டில் பாடியவை ஆதலால், பாட்டுக்களில் பெரும்பாலானவை 180 விநாடிக்கும் 205 விநாடிக்கும் நடுவிலேயே நின்றன. ஒரே அளவில் பத்துப் பன்னிரண்டு பாட்டுக்கள் வந்து நின்றால் எதைச் சேர்ப்பது?

அப்போதுதான் கேள்விக்குறிகளே கைகொடுத்தன. ஓர் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி. அதை அடுத்த காலுக்கோ கொம்புக்கோ புள்ளிக்கோ மற்றொரு கேள்விக்குறி. சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாத்திரம் இடைவெளியாகவே இருக்கும். ஆகவே பெயர் அழிந்தாலும் பெயரின் உருவம் அழியவில்லை. ஏழு குறி, இடைவெளி, நான்கு குறி, இடைவெளி, பதினொரு குறி என்றால், அந்த உருவமும் அந்த விநாடிக் கணக்கும் பொருந்தும் பாட்டு அநேகமாக ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அத்தை பெயர்களைத் தமிழில் அடித்ததனால் வந்த ஆபத்து, தமிழில் முழுமையாக, ஒழுங்காக அடித்ததனாலேயே தீர வழி பிறந்தது.

பேரன் ஒரு சிறு புரோகிராம் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தான். 41 வரிகளில் 38 வரிகளுக்கு விடை கிடைத்துவிட்டது. மூன்று வரிகளுக்கு மட்டும் இரண்டிரண்டு பாட்டுக்கள் பொருந்தின. அவற்றை மாமாவுக்கு முன்னால் போட்டுக் காட்டினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“இது இல்லை. மற்றதைப் போடு. ஆமாம், இதுதான். இது முடிகிறபோது பால் பொங்கும்” என்றார்.

மூன்று வரிகளும் இவ்விதமே முடிவாயின. பேரன் உற்சாகமாக, “தாத்தா, ஒரே ஒரு தப்பு இருக்கிறது. ஏழாவதாக வருகிற பாட்டே பன்னிரண்டாவதாகவும் இருக்கிறது. பாட்டி தெரியாமல் இரண்டு தடவை சேர்த்துவிட்டாள். ஒன்றை எடுத்துவிடட்டுமா?” என்றான்.

மாமா சட்டென்று கண் திறந்தார்.

“எடுக்காதே! அது தப்பு இல்லை. ஏழாவது பாட்டு வருகிறபோது நான் ஸ்நானத்தில் இருப்பேன். ‘நல்ல பாட்டு எனக்குக் கிடைக்காமல் போய்விடுகிறதே’ என்று ஒரு நாள் சொன்னேன். மறுநாளிலிருந்து நான் வந்து உட்கார்ந்த பிறகு இன்னொரு தடவை வரும். அது எனக்கு.”

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. பேரன் அந்த வரியைத் தொடாமல் கோப்பைச் சேமித்தான்.

நேயர்கள் செய்ய வேண்டியது

வரிசையில் ஒரு பாட்டை இரண்டு தடவை வைத்தால் டிஸ்க்கில் இடம் அதிகமாகாது. விலாசம்தானே இரண்டு தடவை எழுதப்படுகிறது! ஆனால் பல மென்பொருள்களில், இரட்டித்து வந்தவற்றைத் தானாகவே நீக்கிவிடும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஒழுங்கு செய்வதாக நினைத்துக்கொண்டு அதை அழுத்துமுன், இரண்டாவது தடவை யாருக்காக என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் சில விஷயங்களும் நாங்கள் பட்ட பாட்டினால் தெரிந்துகொண்டவை. முதலாவது, வரிசையை ‘எம்3யூ8’ என்னும் வகையில் சேமிக்க வேண்டும். வாலில் உள்ள அந்த எட்டு, யூடிஎஃப்-8 என்னும் எழுத்து முறையைக் குறிப்பது. கென் தாம்ப்ஸன், ராப் பைக் என்னும் இரு அறிஞர்கள் 1992-இல் வகுத்த முறை அது. உலகத்து எழுத்துக்களுக்கெல்லாம் எண் கொடுத்த யூனிகோட் ஏற்பாட்டில் 1991-இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. இந்த வகையில் சேமித்தால் தமிழ் தமிழாகவே நிற்கும், கேள்விக்குறி ஆகாது. நமக்கென்று போடப்பட்டிருக்கும் ஆசனத்தில் நாம் உட்காராமல் நின்றுகொண்டிருப்பது யார் குற்றம்?

இரண்டாவது, வரிசைக் கோப்பைப் பாட்டுக்கள் உள்ள ஃபோல்டருக்குள்ளேயே வைத்து, விலாசத்தில் டிஸ்க்கின் எழுத்து முதலிய நீண்ட வழியை எல்லாம் நீக்கி, பாட்டின் பெயரை மாத்திரம் விட்டுவிடலாம். அப்போது மென்பொருள் தன் பக்கத்திலேயே பாட்டைத் தேடும். ஃபோல்டரை முழுவதுமாக எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் வரிசை பாடும். குடும்பத்தோடு குடிபெயர்கிறவனுக்கு விலாசம் தவறாது அல்லவா?

மூன்றாவது, சில மென்பொருள்களில் பெயர், நேரம் என்று மேலே தலைப்புகள் இருக்கும். அவற்றின்மேல் தவறி அழுத்தினால் பாட்டுக்கள் எல்லாம் அகராதி முறையில் அடுக்கப்பட்டுவிடும். வருஷக் கணக்காகக் கையால் அமைத்த வரிசை ஒரு க்ஷணத்தில் பள்ளிக்கூட ஆஜர்ப் பட்டியலாகிவிடும். அதற்கு முன்பே சேமித்திருந்தால் பிழைத்தீர்கள். வரிசையில் கை வைத்துவிட்டுச் சேமிக்காமல் இருப்பது நீர்மேல் எழுத்துத்தான்.

நான்காவது, வரிசையிலிருந்து ஒரு பாட்டை நீக்குவது வேறு; டிஸ்க்கிலிருந்தே அழிப்பது வேறு. முன்னதில் விலாசம் மட்டும் போகும். பின்னதில் ஆளே போய்விடுவார். மென்பொருள் “அழிக்கட்டுமா?” என்று கேட்கும்போது எதை என்று படித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

சொந்தக் கை

தற்காலத்தில் இவ்வளவு சிரமம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கான பாட்டுக்களை வைத்துக்கொண்டு, நமக்கு எது பிடிக்கும் என்று தாமே கண்டுபிடித்து, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகின்றன. கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. நான் குறை சொல்லவில்லை. ஹோட்டல் சாப்பாடும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாள் முழுவதும் ஹோட்டலிலேயே சாப்பிடுகிறவன், தன் வீட்டுச் சமையலின் ருசி என்னவென்பதை மறந்துவிடுகிறான்.

அந்நியத் துணி மலிவாகவும் மழமழப்பாகவும் இருந்த காலத்தில், முரட்டு நூலை நம் கையால் நூற்க வேண்டும் என்று ஒரு மகான் சொன்னார். துணி கிடைக்காமல் அவர் அப்படிச் சொல்லவில்லை. தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்ளும் பழக்கம் போய்விட்டால், மற்றச் சுதந்திரங்களும் அதன்பின்னே போய்விடும் என்றே சொன்னார். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதைத் தீர்மானிப்பது சிறிய ராட்டைதான். ஆனாலும் அது நம் கையில் சுற்றுகிற ராட்டை. எந்தக் கணக்கும் ஏழாவது பாட்டைப் பன்னிரண்டாவது இடத்தில் மறுபடி வைக்காது. மாமாவின் ஸ்நான நேரம் அதற்கு எப்படித் தெரியும்?

வருஷ முடிவன்று காலையில் வரிசை பாடிற்று. நாகஸ்வரம் எழுந்தபோது தெருவில் போன பால்காரர் ஒரு நிமிஷம் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனார். ஏழாவது பாட்டு வந்தபோது மாமா ஸ்நான அறையில் இருந்தார். பன்னிரண்டாவது பாட்டுக்கு முன்னால், ஈரத் தலையைத் துவட்டியும் துவட்டாமலும், வழக்கமான நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார்.